கருங்கோழிச் சூப்பு

முப்பது மேசைக் கல்யாண விருந்தென்றால் மூன்று மேசைக்குக் கூடுதலாகச் சமைப்பது புதாய் கடற்கரையில் வழக்கம். வந்தவர்களுக்கு இடமில்லை என்றால் கல்யாண வீட்டு மானம் கப்பலேறிவிடும். ஆள் வராமல் போனால் அந்த மூன்று மேசைச் சாப்பாடும் தொடாமல் அப்படியே நிற்கும். அதை பிக்ஹுன் எடுத்துப்போய், உப்புக் கிடங்குச் சந்தில் தனியாகக் கிடக்கும் பதினொரு கிழங்களுக்குக் கொடுப்பாள். விருந்துச் சமையலில் முப்பது வருஷமாகக் காய் நறுக்குகிறவள் என்பதால், சமையல்காரர் லிம் அவளுக்கென்றே ஒதுக்கி வைப்பார்.

அன்று அவள் கண்ணெல்லாம் கருங்கோழிச் சூப்பின் மேல்தான். சந்திலிருந்த பூன்சியோங் கிழவருக்குத் தாடை உடைந்து, பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். மூன்று வாரமாக வெறும் கஞ்சித்தண்ணி. ஆள் எலும்பும் தோலுமாகிவிட்டார். உடம்பில் சத்து ஏறாவிட்டால் எலும்பு கூடாது என்று நர்ஸ் கைவிரித்துவிட்டாள். விஷயம் தெரிந்து லிம் சூப்பை இரண்டு தரம் துணியில் வடிகட்டி, ஒரு துணுக்கு எலும்பில்லாமல் பானை நிறைய அடுப்பில் வைத்திருந்தார்.

தாடையை உடைத்தவன் தியாம்ஹோக். விருந்து எச்சிலைப் பீப்பாயில் அள்ளிப்போய்ப் பன்றிகளுக்குப் போடுகிறவன். கிழவர் பசி தாங்காமல் அவன் பீப்பாயில் கைவிட்டு ஒரு கோழிக்காலை எடுத்தார். அதற்கு இரும்பு அகப்பையால் ஓங்கி ஓர் அடி. மனுஷனா அவன்?

விருந்தாளிகள் பழம் தின்றுகொண்டிருந்தபோதே அந்த அகப்பையோடு சமையல் கொட்டகைக்குள் வந்துவிட்டான்.

“மிச்சமெல்லாம் எனக்குன்னு பேச்சு. இந்த மூணு மேசையையும் ஏத்து.”

“சாப்புடுற குச்சி படாதது மிச்சமில்லடா,” என்றாள் பிக்ஹுன். “உங்கப்பன் காலத்துலேருந்து அப்படித்தான்.”

“அப்படியா அக்கா?”

யாரோ சப்பிப் போட்ட குச்சியை எடுத்து மீனில் குத்தினான். நண்டுச் சோற்றில் குத்தினான். பன்றித் தொடையில் குத்தித் திருகினான். “இப்பப் பட்டுடுச்சுல்ல?”

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். முகத்தில் ஒரு குத்து விட்டான். பல் ஒன்று கழன்று நாக்கில் கிடந்தது. அடுத்த அடி அகப்பையால், விலாவில். விழுந்தவளை வயிற்றில் மிதித்தான். காய் நறுக்குகிற பெண்கள் கத்தினார்களே தவிர ஒருத்தியும் கிட்டே வரவில்லை. பிக்ஹுன் தவழ்ந்துபோய் அடுப்பைப் பிடித்து எழுந்தாள். சூப்புப் பானையைத் துணியோடு தூக்கி நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டாள்.

“அது யாருக்கு, அந்தத் திருட்டுக் கிழவனுக்கா?” என்று சிரித்தான் தியாம்ஹோக். “இன்னொரு பக்கத் தாடை அப்படியே இருக்காமே. நாளைக்கு வரேன்னு சொல்லு.”

அவ்வளவுதான். பானையை அப்படியே அவன் முகத்தில் கவிழ்த்தாள்.

அவன் போட்ட அலறலில் மேளக்காரர்களே நிறுத்திவிட்டார்கள். முகத்தைத் தடவிய கையோடு தோலும் வந்தது. காலிப் பானையால் அவன் மண்டையில் அடித்தாள். மூக்கில் அடித்தாள், அது நொறுங்குகிற சத்தம் கேட்டது. பொய் சொல்வானேன், அவளுக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

“போதும் அக்கா, செத்துடப் போறான்!” லிம் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

ஆம்புலன்ஸ் அவனை அள்ளிப் போனது. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்துசேரும்படி போலீஸ்காரர் சொன்னார். அதற்குள் கொடுத்துவிட்டு வரலாமென்று, இருந்ததை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்துக்குப் போனாள்.

குச்சி பட்ட கதையைச் சொல்லித்தான் கொடுத்தாள். “குச்சிதான பட்டுச்சு, விஷமா பட்டுச்சு?” என்று கிழங்கள் மீனைப் பிய்த்தன. சண்டையை மூன்று தரம் சொல்லச் சொல்லித் தொடையில் தட்டிச் சிரித்தன. தோல் உரிந்த இடம் வந்ததும் பூன்சியோங்கின் கண்கூட மின்னியது.

பிறகு அவர் தன் கிண்ணத்தை நீட்டினார்.

பிக்ஹுன் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். மீன், சோறு, கறி. கம்பி கட்டிய வாய்க்குள் போகிற மாதிரி ஒன்றுமில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“உனக்கு வெச்சிருந்ததத்தான்ணே அவன் மூஞ்சில ஊத்திட்டேன்.”

கிழவர் கிண்ணத்தை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

“வேற எதாலயாவது அடிச்சிருக்கக் கூடாதா?” என்றார், பல்லைத் திறக்காமலே.