எழுபத்தெட்டு வழியாக நாலடிப் பாதை

பாளையங்கோட்டை சங்கரவடிவின் அப்பா இறந்தபோது வைத்துவிட்டுப் போனது ஒரு வீடும் இரண்டு வருஷங்களும். வீட்டை விற்றாகிவிட்டது. வருஷங்களைப் பிள்ளைகள் இருவரும் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் குற்றாலிங்கத்துக்கு எழுபத்தெட்டு விழுந்தது. தங்கை சங்கரவடிவுக்கு எழுபத்தேழு.

எழுபத்தெட்டு நல்ல வருஷம். மழை உண்டு, ரேடியோ உண்டு, முப்பத்தாறு வயதில் அம்மா உண்டு. எழுபத்தேழோ சும்மா கிடந்த வருஷம். உடம்புக்கு முடியாத பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள அம்மா எல்லாரையும் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் போயிருந்தாள். வீடு பூட்டிக் கிடந்தது. சீட்டில் விழுந்ததற்கு யாரை நோவது என்று சங்கரவடிவு வாங்கிக்கொண்டாள்.

எழுபத்தெட்டுக்குப் பிறகு வந்த வருஷங்கள் எல்லாம் புறம்போக்கு. யார் வேண்டுமானாலும் நடக்கலாம், மிளகாய் காயப்போடலாம், ஆடு மேய்க்கலாம். ஆனால் எழுபத்தேழுக்குப் போக வேண்டுமென்றால் எழுபத்தெட்டைக் கடந்துதான் ஆக வேண்டும். ஆகவே பத்திரத்தில் இப்படி எழுதினார்கள்: “மேற்படி காளயுக்தி வருஷம் ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி வழியாக, தலைவாசல் தொடங்கி அடுக்களை ஓரமாகப் புறவாசல் வரை, நாலடி அகலத்தில் இளையவர் நடந்து போகவும் வரவும் பாத்தியம் உண்டு. யாதொரு தலையீடும் செய்யப் பாத்தியம் இல்லை.”

தலையீடு என்றால் எது, எதுவரை என்று பத்திரத்தில் இல்லை. பத்திரம் எழுதிய ஆழ்வாரப்பன் நான்கெல்லை எழுதுவதில் மும்முரமாக இருந்துவிட்டார். வருஷத்துக்கு முன்னும் பின்னும் என்று இரண்டு எல்லைதான். மீதி இரண்டுக்கும் பழக்கதோஷத்தில் ‘மழை’ என்றும் ‘பெரியம்மா வீடு’ என்றும் போட்டுவிட்டார்.

பதினொரு வருஷமாகச் சங்கரவடிவு ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தப் பாதையில் போய் வந்தாள். பூட்டிய வீட்டைத் திறந்து கூட்டிவிட்டுத் திரும்புவாள். உண்மையைச் சொன்னால் எழுபத்தேழில் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. கூட்டக்கூட அங்கே குப்பை இல்லை. போகும்போது அடுக்களை ஓரத்தில் அம்மாவின் குரல் கேட்கும். அதற்குத்தான் போனாள்.

அம்மா சுங்கடிச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பாதி வெங்காயத்தால் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். நல்லெண்ணெய் புகையும். அந்த வருஷத்துப் பிள்ளைகள் இருவரும் பத்திரம் பதிவான அன்று பள்ளிக்கூடம் போனவர்கள், இன்னும் வீட்டுக்கு விடுகிற மணி அடிக்கவில்லை. ஆகவே ஐம்பத்தெட்டு வயதில் முட்டி வலியோடு நடந்து வருகிறவளைத்தான் அம்மா நிமிர்ந்து பார்ப்பாள்.

“சாப்ட்டியாட்டி?”

சங்கரவடிவு பதில் சொல்ல மாட்டாள். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்து, நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்து பழகியவள். பத்திரம் பத்திரம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு புறவாசல் வழியாகப் போய்விடுவாள். அம்மா கரண்டியோடு கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள்.

போன ஐப்பசியில் ஒரு நாள் வாய் முந்திக்கொண்டது.

“சாப்ட்டேம்மா” என்று சொல்லிவிட்டாள்.

“சரி, போய்ட்டு வா” என்றாள் அம்மா. அவ்வளவுதான். அன்று எழுபத்தேழில் உட்கார்ந்து சங்கரவடிவு ஆசைதீர அழுதாள். சந்தோஷத்தில்தான்.

மூன்றாம் நாள் ரிஜிஸ்தர் தபால் வந்தது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் குற்றாலிங்கம் அனுப்பியிருந்தார். அவர் ஓய்வுபெற்ற நூலகர். ‘பேசாதீர்கள்’ என்று எழுதி ஒட்டியே காலத்தை ஓட்டியவர், வாயால் சொல்லக்கூடியதையும் தாளில்தான் சொல்வார். “தாங்கள் எனது எழுபத்தெட்டில் ‘சாப்பிட்டேன்’ என்று தலையிட்ட வகையில் எனக்கு ஒரு தோசை இல்லாமல் போய்விட்டது. தங்கள் பாதையை ஏன் அடைக்கக்கூடாது என்பதற்கு விளக்கம் தரவும்.”

தோசைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பாதையை அடைப்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. அந்தக் குரல் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தாள். தலையீட்டின் எல்லையை அளந்து தரக் கேட்டு அன்றே பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டாள்.

மேலப்பாளையத்திலிருந்து சர்வேயர் பீர் முகம்மது டேப்பும் சாக்கட்டியும் கொண்டு வந்தார். அண்ணன், தங்கை, அவர் என்று மூன்று பேருமாக நடந்தார்கள். எண்பத்தைந்தில் யாரோ வடகம் பிழிந்து காயப்போட்டிருந்ததை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, எட்டரை மணிக்கு எழுபத்தெட்டுக்குள் நுழைந்தார்கள். ரேடியோவில் யாரோ யாருக்கோ பாட்டு விரும்பிக் கேட்டிருந்தார்கள்.

சர்வேயர் பாதையை அளந்தார். நாலடி, சரியாக இருந்தது. இருபுறமும் சாக்கட்டியால் கோடு போட்டார். சங்கரவடிவு கோட்டுக்குள் நின்றாள்.

“சாப்ட்டியாட்டி?” என்றாள் அம்மா.

சர்வேயர் கேள்வியை அளந்தார். அடுப்படியிலிருந்து ஏழடி. அதில் ஐந்தடி அண்ணன் பாத்தியம், இரண்டடி பாதை. “கேள்வி எல்லை தாண்டி வருது. ஆனா உங்கம்மா பத்திரத்துல கையெழுத்துப் போடல. அவங்கள ஒண்ணும் செய்ய முடியாது” என்று குறித்துக்கொண்டார். “இப்ப பதில் சொல்லுங்க. மெதுவா.”

“சாப்ட்டேம்மா” என்று முணுமுணுத்தாள். பதில் இரண்டடி போய்க் கோட்டுக்கு உள்ளேயே விழுந்துவிட்டது. அம்மாவுக்குக் கேட்கவில்லை.

“இது சட்டப்படி சரி.”

“சரியா இருந்து என்ன செய்ய? அம்மைக்குக் கேக்கலியே.”

“காதுல விழணும்னா அஞ்சடி ஆக்கிரமிப்பு வரும்மா.”

“அதத்தான் நானும் சொல்லுதேன்” என்றார் குற்றாலிங்கம்.

பிறகு சர்வேயர் அவளைப் பேசாமல் நிற்கச் சொன்னார். எல்லாம் அளக்க வேண்டும், அதுதான் முறை. அம்மா மறுபடி கேட்டாள். சங்கரவடிவு வாயை மூடிக்கொண்டு நின்றாள். டேப்பைப் பிடித்துக்கொண்டு சர்வேயர் அந்த மௌனத்தின் பின்னாலேயே போனார். அது கோட்டைத் தாண்டியது, அடுப்பைத் தாண்டியது, மாவுச் சட்டியைச் சுற்றிக்கொண்டு எதிர்ச் சுவர் வரைக்கும் போய் நின்றது. அம்மாவின் முகம் வாடியிருந்தது. பிறகு அவள் ஒரு கரண்டி மாவைக் கூடுதலாக ஊற்றினாள். வெந்ததும் தட்டில் எடுத்து, இன்னொரு தட்டால் மூடி, மிளகாய்ப்பொடிக் கிண்ணத்தோடு ஜன்னல் ஓரம் வைத்தாள்.

“பதினெட்டடி” என்றார் சர்வேயர். “உங்க பதிலவிட உங்க மௌனந்தாம்மா பெரிய தலையீடு.”

சங்கரவடிவு ஜன்னல் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி வைத்த தட்டை அவள் இதற்கு முன் பார்த்ததே இல்லை. எப்போதும் புறவாசலைத் தாண்டிப் போயிருப்பாள்.

“இத யாருண்ணே சாப்பிடுவா?”

குற்றாலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான்தான். ஒம்போது மணிக்கு வருவேன்.”

“பதினோரு வருஷமாவா?”

“ஆமா.”

“பாவி. எனக்கு வச்ச தோசைய!”

“எனக்குன்னு அவ வைக்கலியேட்டி” என்றார் அவர். நூலகத்தில் பேசுகிற அதே தணிந்த குரல். “எனக்குத்தான் வருஷம். ஆனா அம்மை என்ட்ட ஒரு நாளும் கேக்கல. அவ முன்னாடியே உக்காந்திருப்பேன். தூண் மாதிரி என்னையச் சுத்திப் போவா. போறவங்கள, வாறவங்களத்தான சாப்ட்டியான்னு கேப்பாங்க? இருக்கவன யாரு கேப்பா?”

சங்கரவடிவுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. எழுபத்தெட்டே கிடைத்தும் மனுஷனுக்கு இந்தக் கதி.

சர்வேயர் இருவரையும் புறவாசல் படியில் உட்கார வைத்து எல்லையைச் சொன்னார். பேசினால் தலையீடு. பேசாவிட்டால் அதைவிடத் தலையீடு. நடந்தாலே அம்மா கேட்கிறாள், ஆகவே நடப்பதும் தலையீடு. பத்திரப்படி பாதையை அடைப்பதுதான் முறை. அடைத்தால் கேள்வி இல்லை, கேள்வி இல்லாவிட்டால் மௌனம் இல்லை, மௌனம் இல்லாவிட்டால் சாருக்குத் தோசையும் இல்லை.

“வேற வழியே இல்லியா?” என்றாள் சங்கரவடிவு.

“தலையீடுன்னு சொல்ல ஒரு சொந்தக்காரர் வேணும். சொந்தக்காரர் இல்லாத இடத்துல தலையீடும் கிடையாது. சார் எழுபத்தெட்டத் தானமா எழுதிக் கொடுத்துட்டா அதுவும் புறம்போக்கு ஆயிரும். அப்பறம் அவரும் நடக்கிறவர்தான், நீங்களும் நடக்கிறவங்கதான்.” டேப்பைச் சுருட்டினார். “ஆனா ஒண்ணு. புறம்போக்குல வேலி கிடையாது. அங்கன யாரும் ஒரு இடத்துல இருக்க மாட்டாங்க. நினைச்ச பக்கம் போயிருவாங்க.”

இருவருக்கும் அது தெரியும். அம்மா இரண்டாயிரத்து ஒன்பது வரை இருந்தவள். எண்பதுகளில், தொண்ணூறுகளில் எல்லாம் அவளைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். வீடு இருக்கும், கொடியில் சேலை காயும், ஆளைக் கண்டதில்லை.

குற்றாலிங்கம் நாலு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அந்த வாரம் முழுக்க இருவருக்கும் தூக்கமில்லை. வேலியை எடுத்த கையோடு அம்மா எந்த வருஷத்துக்குப் புறப்பட்டுப் போவாளோ, இருந்ததையும் கெடுத்துக்கொண்டோமோ என்று சங்கரவடிவு சாமி படத்தின் முன் நின்று திட்டிக்கொண்டே இருந்தாள். அண்ணனையும் திட்டினாள், தன்னையும் திட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுபத்தெட்டின் வாசலில் வரிசை நின்றது. புறம்போக்கு ஆன செய்தி பரவி, பாதி ஊர் வந்துவிட்டது. லாரி டிரைவர் ஒருவர், டியூஷன் வாத்தியார் ஒருவர், மகனும் மருமகளும் வெளியூரில் இருக்கிற தாசில்தார் ஒருவர். அண்ணனும் தங்கையும் நாற்பது பேருக்குப் பின்னால் போய் நின்றார்கள். குற்றாலிங்கம் தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார். உள்ளே அம்மா இருக்கிறாளா என்று முன்னால் நிற்பவரிடம் கேட்கக்கூடப் பயமாக இருந்தது.

நல்லெண்ணெய் வாசனைதான் முதலில் வந்தது. அப்புறம் தோசைக்கல்லின் சத்தம். அம்மா இருந்தாள். எரிகிற அடுப்பை விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை அவள். ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். சாப்பிட்டேன் என்றவர்களை அனுப்பினாள், இல்லை என்றவர்களை உட்காரச் சொன்னாள்.

“சாப்ட்டியாட்டி?”

“இல்லம்மா” என்று சங்கரவடிவு சத்தமாகச் சொன்னாள்.

அடுத்து குற்றாலிங்கம். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏலே, நீ சாப்ட்டியா?”

அறுபத்து மூன்று வயது மனுஷர் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார். கண்ணிலிருந்து வடிந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

“வந்ததும் வராததுமா என்ன அழுகை? பசிச்சா சொல்லணும்லா. உக்காரு.”

இருவரும் அடுக்களைச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள். தட்டு வந்தது. தோசை ஓரத்தில் முறுகி, நடுவில் மெத்தென்று இருந்தது. அவர்கள் பாதி சாப்பிட்டிருக்கும்போது வரிசையில் ஒரு கிழவி முன்னுக்கு வந்தாள். நரைத்த தலை, கத்தரிப்பூக் கலர் நூல் சேலை. இரண்டாயிரத்து எட்டிலிருந்து நடந்து வந்திருந்தாள். கண்புரை அறுவை முடிந்து போட்ட தடித்த கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றாள். அது அம்மாதான்.

முப்பத்தாறு வயது அம்மா கரண்டியோடு நிமிர்ந்தாள்.

“வாங்க. சாப்ட்டியளா?”

கிழவி மாவுச் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

“இல்ல தாயி. எல்லாருக்கும் ஊத்திட்டு, கடைசி மாவுல ஒண்ணு போதும்.”

“கடைசி மாவு எனக்கு. நீங்க உக்காருங்க.”

கிழவி இடம் பார்த்தாள். குற்றாலிங்கம் தட்டை எடுத்துக்கொண்டு, அவளுக்கு முதுகு சாய வேண்டும் என்று, சுவரை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.