தேன்சிட்டு இருந்த ஜன்னல்

பக்கத்து மனையில் நாலு மாடிக் கட்டடம் எழும்பிய நாளிலிருந்து அத்தை தன் அறையின் ஜன்னல் திரையை விலக்கியதே இல்லை. இடுப்பெலும்பு முறிந்து மாடிப்படி இறங்க முடியாமல் போனவளுக்கு, அந்த மனையிலிருந்த தோட்டம்தான் உலகம். அது போய் இப்போது வெள்ளையடித்த சுவர்.

"சுவத்தையே பாத்துட்டு இருக்க நான் என்ன பல்லியா?" என்று இழுத்து மூடியவள்தான்.

கண்ணாடி வேலை செய்கிற மருமகள் அன்றைக்கே வேலையைத் தொடங்கினாள். ஜன்னல் அளவுக்கு ஒரு தெளிவான கண்ணாடியை மேஜையில் கிடத்தினாள். அடியில் படம் வரைந்த வெள்ளைத்தாள். அதன் மேல் வண்ணச் சில்லுகளை வெட்டி ஒட்ட இரண்டு மாதம் பிடித்தது. அவரைக்கொடி, செம்பருத்தி, இலைகளுக்கு மட்டும் பதினோரு பச்சை. ஒவ்வொரு சில்லையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வைத்தாள். நடுவிலிருந்த தேன்சிட்டுக்கான நீலக்கண்ணாடியை மட்டும், கீறல் விழுந்துவிடுமோ என்று பொத்திப் பொத்தி வைத்திருந்து, கடைசி நாளில் எடுத்து நேரே ஒட்டினாள்.

காலையில் தச்சர் வந்து பொருத்திவிட்டு ஒதுங்கினார். சுவரில் பட்டுத் திரும்பிய வெயில் கண்ணாடிக்குள் புகுந்தது. தரையில் பச்சை, போர்வையில் பச்சை, அத்தையின் நரைத்த தலையில் ஒரு செம்பருத்தி. தச்சர் சுத்தியலைப் பையில் போட மறந்து அப்படியே நின்றார்.

தேன்சிட்டு மட்டும் கரிக்கட்டையாக இருந்தது. அந்த நீலம் ஒளி புகாத கண்ணாடி என்பது மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"காக்கா நல்லாயிருக்கு" என்றாள் அத்தை.

"காக்கா இல்ல அத்தை, தேன்சிட்டு." மருமகள் சிட்டின் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "பேத்து எடுத்துட்டு வேற வைக்கிறேன். சுத்தி இருக்கற இலை கொஞ்சம் உடையும். அதுவரைக்கும் திரையைப் போட்டுடட்டுமா?"

"போடலாம், போடலாம். சாயங்காலம் ஆகட்டும்."

அந்தி சாயும் நேரம் மருமகள் உளியோடு வந்தாள். அறை மங்கியிருந்தது. விளக்கைப் போட்டவள் கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது.

கண்ணாடித் தோட்டம் முழுவதும் இருட்டில் அமிழ்ந்து போயிருந்தது. அதன் நடுவே சிட்டு மட்டும், உள்ளேயிருந்து விழுந்த விளக்கொளியில், மயிற்கழுத்து நீலத்தில், இப்போதுதான் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்ததுபோல் மின்னியது.

அத்தை கட்டிலில் நிமிர்ந்தாள். "அணை."

அணைத்தாள். ஜன்னலில் இலைகள் மெல்லப் பச்சை பூண்டன, சிட்டு கறுத்தது.

"போடு."

மறுபடி நீலம்.

"அணை... போடு... இன்னொரு தடவை அணை." அத்தையின் குரல் தாழ்ந்துகொண்டே போனது. "அந்தத் தோட்டத்துச் சிட்டும் இப்படித்தான் ஏமாத்தும்மா. கிளை நிழல்ல இருந்தா கறுப்பு. வெயில் பட்டாத்தான் நீலம். நீ ஒருநாளும் ஜன்னல்கிட்ட வந்து நின்னதே இல்லையே, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மருமகள் உளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "தெரியாமத்தான் அத்தை வச்சேன்."

"அத வெளிய சொல்லிட்டுத் திரியாத."

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு விட்டால் பறந்துவிடும் போலிருந்தது.

"திரை, அத்தை?"

"கழட்டிப் பழந்துணியில போடு."