சன்னத் துருவி

எங்கள் ஊரில் ஒருவரைத் துருவித் துருவிக் கேட்க வேண்டுமென்றால், அவரவர் வீட்டுத் துருவியால்தான் கேட்பார்கள். விசாரணைக்காரர் வெறுங்கையோடு வருவார். வீட்டுத் தலைவரை அவருடைய நாற்காலியிலேயே உட்காரவைத்து முழங்கையிலிருந்து ஆரம்பிப்பார். துருவல் தட்டில் விழும். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தால் பதில் தெரிந்துவிடும். வாயால் சொல்வதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

பெரும்பாலான வீடுகளில் இருப்பது தேங்காய்த் துருவி. பல் பெரிது. காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆள் தீர்ந்துவிடுவார். எங்கள் வீட்டில் இருப்பது சன்னத் துருவி. என் வீட்டுக்காரர் பொருட்காட்சியில் ஆசைப்பட்டு வாங்கியது. கைக்கு அடக்கமாக, உப்புத்தாள் போலப் பொடிப்பொடிப் பற்களோடு இருக்கும். இதை வைத்து நகத்தையா சீவ என்று அன்றைக்கு அவரிடம் சடைத்துக்கொண்டேன். பிறகு அது இல்லாமல் எனக்குக் கையே ஓடாது என்றாகிவிட்டது. டீக்கு இஞ்சி, ரசத்துக்குப் பூண்டு, பாயசத்தில் கடைசியாகக் கொஞ்சம் ஜாதிக்காய், எலுமிச்சைச் சாதத்தின் மேல் வாசனைக்குத் தோல். எல்லாம் அதில்தான்.

என் தம்பி நயினாரைத் தேடி விசாரணைக்காரர் பொன்னுரங்கம் வந்தார். நயினார் என்ன செய்தான் என்று அவருக்குத் தெரியாது. அதைக் கேட்பதற்காகத்தான் தேடினார்கள். நயினார் எங்கள் வீட்டுப் பரணில், அண்டாக்களுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான். ஏற்றிவிட்டது நான்தான். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. தெரியாத ஆளைத் துருவினால் ஒன்றும் வராது என்று நினைத்தேன்.

"ஆவுடையப்பன் வீடு இதுதானே?" என்றார் பொன்னுரங்கம்.

"ஆமா, உள்ள வாங்க."

"துருவி?"

எடுத்துக் கொடுத்தேன். காலையில் இஞ்சி துருவிவிட்டு அதை நான் சரியாகக் கழுவியிருக்கவில்லை. என் வீட்டுக்காரரை உட்காரவைத்து முழங்கையில் நாலு இழுப்பு இழுத்தார். விழுந்ததை நாக்கில் வைத்துக் கண்ணை மூடி யோசித்தார்.

"இஞ்சி மண்டி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சாயங்காலம் மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவரைக் கூட்டிப்போனார்கள். அவர் வீட்டில் தேங்காய்த் துருவி. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தலைக்கு மேலே என் தம்பி மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"இஞ்சி எரியுது. துருவியக் கழுவவே மாட்டியா நீ?" என்றார் என் வீட்டுக்காரர், முழங்கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே.

அதன்பிறகு நான் அதைக் கழுவுவதை விட்டுவிட்டேன். நயினார் அகப்படாததால் பொன்னுரங்கம் மறுபடி மறுபடி வந்தார். அவர் வருகிற நாளில் முன்கூட்டியே எதையாவது துருவி வைப்பேன். பூண்டு துருவிய அன்று பூண்டுக் கடைக்காரரைப் பிடித்தார்கள். எலுமிச்சைத் தோலுக்குத் தோட்டத்துக் காவல்காரரைக் குடும்பத்தோடு கூட்டிப்போனார்கள். ஜாதிக்காய்க்கு மலைக்கே ஒரு வண்டி போனது. ஒவ்வொரு முறையும் கடைத்தெருவில் அந்தச் சரக்கு கிடைக்காமல் போகும். ஊரே இஞ்சியில்லாத டீயைக் குடித்தது.

வீட்டில் என் வீட்டுக்காரர் குறைந்துகொண்டே வந்தார். சட்டையின் வலது கையை மடித்துத் தைத்துக் கொடுத்தேன். சோற்றைப் பிசைந்து ஊட்டினேன்.

"பூண்டு மட்டும் வேண்டாம். ஜாதிக்காய்னா பரவாயில்ல, குளுகுளுன்னு இருக்கு" என்றார் ஒரு நாள். சமையலைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துச் சரி என்றேன்.

பக்கத்து வீட்டு வடிவு வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "நீ குடுத்து வச்சவ. எங்க வீட்டுல அரை நாள்ல முடிஞ்சிட்டுது. ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட நேரமில்ல."

பரணைக் கைகாட்டியிருந்தால் போதும், எல்லாம் அன்றோடு நின்றிருக்கும். தம்பியா புருஷனா என்று மனது கிடந்து அடித்துக்கொள்ளும். அடித்துக்கொண்டே அடுத்து எதைத் துருவலாம் என்று தேடுவேன்.

கடைசியில் துருவுவதற்குக் கடையிலும் ஒன்றுமில்லை, வீட்டிலும் ஒன்றுமில்லை. அவரும் ஒரு கைப்பிடிதான் மிச்சம். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு அதன்மேல் வைத்திருந்தேன்.

"இன்னிக்கு ஒண்ணும் துருவலியா?" என்றார். குரல் மெலிந்திருந்தது.

"எதுவும் கெடைக்கலீங்க."

"சரி. பாத்துக்கலாம்."

பொன்னுரங்கம் வந்தார். துருவி சுத்தமாக இருந்தது. கடைசித் துண்டை விரல் நுனியில் பிடித்துத் துருவுவது யாருக்கும் கஷ்டம்தான், ஜாதிக்காயிலும் அப்படித்தான். அவர் அழுத்தி இழுத்தபோது துண்டு வழுக்கியது. பொன்னுரங்கத்தின் விரலும் சேர்ந்து துருவப்பட்டது. என் வீட்டுக்காரர் தீர்ந்துவிட்டார்.

நான் சுவரில் சாய்ந்து அழுதேன். பொன்னுரங்கம் தட்டிலிருந்ததை நாக்கில் வைத்தார், இன்னொரு சிட்டிகையும் வைத்துப் பார்த்தார்.

"இதுல என் ருசிதான் வருது" என்றார்.

தட்டில் யாருடைய ருசி வருகிறதோ அவர்தான் அந்த வீட்டுத் தலைவர். அதுதான் முறை. பொன்னுரங்கம் உடுப்பைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கொடியில் கிடந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"மோர் மிளகாய் இருந்தா ரெண்டு வறு" என்றார். பிறகு பரணை நிமிர்ந்து பார்த்தார். "மச்சினன் இன்னும் எவ்வளவு நேரந்தான் முடங்கிக் கிடப்பான்? வந்த நாள்லேர்ந்து இருமலை அடக்கிக்கிட்டுக் கிடக்கான், பாவம். இறங்கச் சொல்லு. சோறு ஆறுது."

நாற்காலியில் இருந்தவருக்குத் தெரிந்ததுதான் அதில் உட்காருகிறவருக்கும் தெரியும். அப்படியென்றால் என் வீட்டுக்காரருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் இஞ்சி எரிச்சலைப் பொறுத்துக்கொண்டார். தெரிந்துதான் வழுக்கினார். ரெண்டு கேட்டதற்கு நாலு மோர் மிளகாய் வறுத்தேன்.

விசாரிக்கிற அதிகாரம் விசாரணைக்காரருக்குத்தான், வீட்டுத் தலைவருக்குக் கிடையாது. அதனால் நயினார் பரணிலிருந்து இறங்கி, தலையில் ஒட்டடையைத் தட்டிவிட்டு, "நல்லா இருக்கீங்களா அத்தான்?" என்று கேட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவர் தன் அப்பளத்தில் பாதியை ஒடித்து அவன் தட்டில் போட்டார்.

"என்னங்க, ரசம் ஊத்தட்டுமா?" என்று நான் கேட்டேன்.