எட்டாம் தேதி ஏறிய புழுக்கள்

ஜூன் 18, 1889, செவ்வாய்

நேற்று பட்டுக்கூடுகளைப் பறித்து முடித்ததும் எழுதிய குறிப்பில் ஒரு தவறு. புழுக்கள் கூடு கட்டச் சுள்ளிகளில் ஏறியது பத்தாம் தேதி என்று எழுதியிருக்கிறேன். எட்டாம் தேதிதான். தவறைச் சுரண்டி அழிக்கக் கூடாது, சரியானதைக் கீழே எழுத வேண்டும் என்பது மாலைப் பள்ளியில் எங்கள் விதி. அங்கே ஏழு ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்தி என்பதால் எந்த விதியையும் விடுவதில்லை. அப்படியும் தவறு வந்துவிடுகிறது.

இரண்டு நாள் சின்ன விஷயமில்லை. ஏறிய பதினான்கு, பதினைந்து நாளில் பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிடும். ஓட்டை விழுந்த கூட்டில் நூல் அறுந்துவிடும், பட்டாலையில் அதை யாரும் தொடமாட்டார்கள். சனிக்கிழமை பக்கத்து வீட்டுக் கழுதை வண்டி கிடைக்கும், ஊதினே நகரச் சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்று அப்பா என் நோட்டை நம்பி இருந்தார்.

அண்ணன் நார்தோ மலை தாண்டி பவேரியாவில் செங்கல் சூளையில் இருக்கிறான். ஞாயிறன்று வந்த அவன் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். மூன்று வாரமாக மழையாம், கல் காயவில்லையாம், ஆகஸ்டுக்கு முன் காசு அனுப்ப முடியாதாம். மாதக் கடைசிக்குள் குத்தகை பாக்கியைக் கட்டாவிட்டால் நிலக்காரர் எங்கள் பசுவை ஓட்டிக்கொண்டு போவார். இனி இந்தக் கூடுகள்தான்.

இது ஊருக்கே தெரியும். கூடு வாங்கும் வியாபாரி பித்தானாவுக்கும் தெரியும். இன்று மத்தியானம் நாங்கள் சோளக்களியில் கைவைத்தபோது வந்து நின்றார். ஒரு கூட்டை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தார்.

“என்னப்பா வாலெந்தின், கிலோவுக்கு ரெண்டரை லீரா தர்றேன்.”

“ஊதினேல மூணு நாப்பது போகுதாமே,” என்றார் அப்பா, குரல் எழும்பாமல்.

“போகுது, போகுது. நீ எப்பப் போய்ச் சேருவ? புழு என்னைக்கு ஏறுச்சு?”

“எர்மீனியாவைக் கேளுங்க. அவதான் எழுதி வைக்கிறா.”

பத்து என்று சொல்லியிருந்தால் அப்பாவுக்குப் பேரம் பேச இடம் கிடைத்திருக்கும். ஆனால் நாள் தவறு என்று காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“எட்டாம் தேதி,” என்றேன். “பத்துன்னு எழுதியிருந்தேன். அது தப்பு.”

பித்தானா வாய்விட்டுச் சிரித்தார். “அடடே, படிச்ச புள்ள! அப்போ சனிக்கிழமை கூடைக்குள்ள பூச்சிதான் பறக்கும். ரெண்டு லீரா இருபது. கையக் குடு, வாலெந்தின்.”

எங்கள் பக்கம் கை கொடுத்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. அப்பாவின் கை மெல்ல நீண்டது. அம்மா எழுந்துவந்து அந்தக் கையில் ஒரு காலிக் கூடையை மாட்டினாள்.

“கை சும்மா இருந்தா இதப் பிடிங்க.”

“மாத்தில்தே, வெளையாடாத. பசு போயிடும்டி.”

“பசு எங்கயும் போகாது.” அம்மா வியாபாரி பக்கம் திரும்பினாள். “ஏப்ரல் குளிர்ல அந்தப் புழு முட்டைப் பைய ஒம்போது நாள் என் நெஞ்சுச் சூட்டுல வச்சுப் பொரிச்சேன். அறைய புழுவுக்கு விட்டுட்டு நாங்க மாட்டோட படுத்தோம். ரெண்டு இருபதா? அந்தக் காசுக்கு வேணும்னா அடுத்த வருசம் உங்க சட்டைக்குள்ள வச்சுப் பொரிச்சுக்குங்க, அண்ணே.”

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“வண்டி இல்லாம எப்படிப் போவ?” என்றார் பித்தானா.

“காலு இருக்கே. மூணு பேருக்கு ஆறு.”

அவர் வாசல்வரை போய்த் திரும்பி ரெண்டே முக்கால் என்றார். அம்மா காதில் வாங்கவில்லை. கூடுகளை அள்ளிக் கூடையில் போட ஆரம்பித்திருந்தாள். அப்பா கையிலிருந்த கூடையோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

பிறகு அம்மாவிடம், “பத்துன்னே சொல்லியிருக்கலாமோ?” என்று கேட்டேன்.

“எதுக்கு? உன் தப்ப அவன் மூஞ்சிக்கு நேரா நீயே சொன்ன. இந்த ஊர்ல எவன் சொல்லுவான்? நாளைக்குச் சந்தைத் தராசுகிட்ட நீதான் நிக்கிற. எடைய நீதான் எழுதுற.”

அவள் சொன்னதை மாற்றாமல் எழுதியிருக்கிறேனா என்று மூன்று முறை படித்துப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

நாளை விடியுமுன் கிளம்ப வேண்டும். ஊதினேக்கு நான்கு மணி நேர நடை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தோள்தடியில் இரண்டிரண்டு கூடை, எனக்கு முதுகில் ஒன்று. கூடுகள் நசுங்காமல் பரப்பி, மேலே உலர்ந்த துணி கட்ட வேண்டும்.