கோட்டையின் வலது கை

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க" என்றாள் மகள்.

பெட்டிக்காரர் மூன்றாவது தடவையாகச் சாய்த்துப் பார்த்தார். அப்பாவின் தோள் சவப்பெட்டிக்குள் இறங்க மறுத்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் வயிறு ஒட்டிப்போயிருந்தது, தொடை வற்றிப்போயிருந்தது. தோள் மட்டும் யாருக்கும் மசியவில்லை.

"உயிரோட இருக்கும்போதே எதுக்கும் அடங்காத மனுஷன். இப்ப மட்டும் அடங்கிடுவாரா? பெரிய பெட்டியாக் கொண்டுவாங்க" என்றாள் அம்மா, நாற்காலியை விட்டு எழாமலே.

பெட்டிக்காரர் உடலைத் திரும்ப மேசை மேல் கிடத்திவிட்டுப் போனார்.

மேடையில் அப்பாவின் பெயர் கோட்டை. முப்பது வருஷம் மல்யுத்தக் காட்சி. யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம்தான், ஆனால் விழுகிற அடி நிஜம். வலிக்கு மாத்திரை, மாத்திரைக்கு மேல் குடி, குடிக்கு மேல் கோபம். வீட்டில் அவர் கைபட்டு உடையாத கதவு கிடையாது. மகளின் கல்யாணத்தன்றுகூட ஆட்டம் இருக்கிறது என்று பையைத் தூக்கிக்கொண்டு போன ஆள். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் நேற்றுக் காலை நடந்தது அவளைப் போட்டு அரித்தது.

சுவாசக் கருவியை எடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டார். அம்மா, "எனக்குத் தெரியாது, நீயே சொல்லு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் அப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து, "போதுமாப்பா?" என்று கேட்டாள். அந்தக் கை அவள் கையை ஒரே ஒரு தடவை, நீளமாக அழுத்திவிட்டுத் தளர்ந்தது. "அது தானா நடக்கிறதும்மா, அர்த்தம் எடுத்துக்காதீங்க" என்றார் டாக்டர். அவள் கையெழுத்துப் போட்டாள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போதும் என்றாரா, விட்டுவிடாதே என்றாரா? பழைய கோபத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமோ? நேற்றிலிருந்து அவளுக்கு ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை.

அப்போது பின்வாசல் வழியாக ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தார். தேள். மேடையில் கோட்டையின் ஜென்மப் பகையாளி. பகையாளிகள் வெளியே சேர்ந்து தென்படக் கூடாது என்பது ஆட்டக்காரர்களின் கட்டுப்பாடு. ஒரே பஸ்ஸில் ஏற மாட்டார்கள், ஒரே வாசலில் நுழைய மாட்டார்கள், பகை வெறும் நடிப்பு என்று வீட்டில்கூட மூச்சு விட மாட்டார்கள். அதை அப்படியே நம்பிய அம்மா ஒருமுறை கடைத்தெருவில் இவர் மேல் செருப்பைக் கழற்றி எறிந்திருக்கிறாள்.

"அன்னைக்கு எறிஞ்சதை மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள் அம்மா.

"ஐயோ, குறி தப்பவே இல்லம்மா. இவர்கிட்ட சொன்னேன், ஒரு வாரம் சிரிச்சாரு."

தேள் மேசையருகே போய் அப்பாவின் வலது கையை எடுத்தார். சட்சட்டென்று இரண்டு தடவை அழுத்தினார். பதிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மகள்.

"பழக்கம்மா. மேடையில ஒருத்தன் அசையாமக் கிடந்தா, நடிக்கிறானா நிஜமா அடிபட்டுட்டானான்னு எப்படித் தெரியும்? கையை முறுக்குற சாக்குல ரெண்டு அழுத்து. பதிலுக்கு ரெண்டு வந்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம். ஆட்டம் நடக்கும்."

அவள் தன் கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டதும் ஒரே ஒரு தடவை, மெதுவாக, நீளமாக அழுத்தினாள்.

தேளின் பிடி தானாக விட்டது. ஓர் அடி பின்னால் போனார்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன அர்த்தம்?"

"என்னால இதுக்கு மேல முடியல, ஆட்டத்தை முடிச்சுடுன்னு அர்த்தம். இருபது வருஷத்துல உங்கப்பா எனக்கு ரெண்டே தடவைதான் கொடுத்திருக்காரு. கழுத்து போச்சே, அன்னைக்கு ஒண்ணு. லேசுல கொடுக்க மாட்டாரு, வீம்பு. ஆனா கொடுத்துட்டா மறுபேச்சு இல்லை. முதல் தடவை நான் முடிக்கத் தயங்கினேன். அப்புறம் உள்ள வந்து என்னைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டாரு."

மகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடாத ஒன்று தொண்டையிலிருந்து வந்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தவன் எழுந்து போனது போல மூச்சு தாராளமாக வந்தது.

"அம்மா, பசிக்குது" என்றாள்.

அம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பைக்குள் கைவிட்டு ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள். மகள் நின்றபடியே முழுதும் தின்றாள்.

பெரிய பெட்டி வந்தது. தோள் ஒரு குறையும் சொல்லாமல் உள்ளே இறங்கியது. தேள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் நடந்தார்.

"அந்தப் பக்கம் எங்க போறீங்க? முன்னாடி வந்து பிடிங்க, சித்தப்பா" என்றாள் மகள்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள்.

தலைமாட்டில் ஒரு பக்கம் தேள், மறுபக்கம் மகள். வெளியே பழைய ரசிகர்கள் நூறு பேர் இருக்கும். தேளைக் கண்டதும் ஒரு கிழவர், மேடை வில்லனைப் பார்த்துக் கூவிய பழக்கதோஷத்தில் "ஊ..." என்று கத்திவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். தேள் பெட்டியை இறக்காமலே அவரைப் பார்த்துப் பல்லை நறநறவென்று கடித்தார். அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் சேர்ந்து "ஊ..." என்று கூவ ஆரம்பித்தது.

அந்தக் கூச்சலுக்கு நடுவே மகள் பெட்டியைப் பிடித்த வலது கையை மாற்றாமல் வண்டி வரைக்கும் நடந்தாள்.