ஒதுக்கிக் கட்டாத பசு

வெக்கை நோய்க்கு ஊசி போடுவதற்கு ஒரு காலம் உண்டு. மாசியிலேயே போட்டுவிட வேண்டும். பங்குனி பிறந்து பசுக்கள் காளைக்குக் கத்தத் தொடங்கிவிட்டால் சிக்கல்தான். சினை மாட்டுக்கு அந்த மருந்து ஏறினால் காய்ச்சல் கண்டு கன்று கலைந்தாலும் கலைந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? சர்க்கார் மாட்டு வைத்தியத்தில் பன்னிரண்டு வருஷம் கம்பவுண்டராகக் குப்பை கொட்டியவன் நான்.

ஆனால் யுத்தம் யாருடைய காலத்தைப் பார்த்தது? நாற்பத்து நாலில், மாசியில் வரவேண்டிய மருந்து தூத்துக்குடிக்கு ஆவணியில்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் ஏரல் பக்கம் மாடுகள் ரத்தமாகக் கழிந்து செத்துக்கொண்டிருந்தன.

துறைமுகத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பாளம் ஐஸ் வாங்கினேன். மரத்தூளில் ஐஸையும் மருந்துப் புட்டிகளையும் புதைத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, சாயர்புரத்துக்குத் தெற்கே ஒரு தேரிக்காட்டு ஊருக்குப் போனேன். செம்மணலில் சைக்கிளை உருட்டிப் போய்ச் சேருவதற்குள் ஐஸ் பாதி கரைந்துவிட்டது. மீதியும் கரைந்தால் மருந்து கெட்டுப்போகும். எனக்குக் கோபம் மூக்குநுனியில் நின்றது.

"சினை மாடு இருந்தா வேலமரத்துப் பக்கம் ஒதுக்கிக் கட்டுங்க," என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. நாற்பது பசுக்களில் ஒன்றுகூடச் சினை இல்லையாம்.

"என்னவே, உங்க ஊர்க் காளை சாமியாராப் போயிட்டோ?" என்றேன். சிரித்தார்கள், மாட்டைத்தான் ஒதுக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. நானும் பனங்காட்டுக்காரன்தான். பசு சினைப்பட்டதை, ஆறாம் மாதம் அம்மனுக்குப் பொங்கல் வைக்கும்வரை எங்கள் ஆட்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் கரு தங்காது என்று நம்பிக்கை. நாலு பேர் நடுவில் கேட்டால் யார் வாயைத் திறப்பார்கள்? தனியாகக் கூப்பிட்டுக் காதோடு கேட்டிருக்க வேண்டும், அல்லது கையை விட்டுப் பார்த்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நேரமில்லை என்று நினைத்தேன்.

செல்லக்கனி ஒரு மயிலைப் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். போன வருஷ நோயில் நாலு மாட்டைப் பறிகொடுத்தவள். மிஞ்சியது இது ஒன்றுதான். கொழும்புக்குப் போன புருஷன் திரும்பவில்லை. இந்தப் பசு ஈன்றால்தான் அவளுக்குப் பிழைப்பு. எலும்பும் தோலுமாக இருந்ததால் வயிறு எதையும் காட்டவில்லை.

"சினையா?"

"இல்ல அண்ணாச்சி, வெறும் மாடுதான்."

சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் ஊசியைக் குத்தினேன்.

பத்தாம் நாள் மாடுகளைப் பார்க்க மறுபடி போனபோது, அவள் தொழுவத்து மூலையில் பனையோலைப் பாய் விரித்திருந்தது. அதில் ஐந்து மாதக் கன்று. கிடேரி. அன்று காலையில்தான் கலைந்திருந்தது.

"உங்ககிட்டகூட இல்லன்னுதான சொன்னேன் அண்ணாச்சி," என்று அழுதாள். "என் ஓரகத்தி சுடலைமாடத்திட்ட மட்டும்தான் சொன்னேன். அவ வாய்தான் பட்டுட்டு."

சுடலைமாடத்தி வாசலில் கஞ்சிச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கூடப்பிறந்தவளைப்போல இவளைப் பார்த்துக்கொண்டவள் அவள்.

"நான் யார்ட்டளா சொன்னேன்?" என்றாள். செல்லக்கனி திரும்பியே பார்க்கவில்லை.

ஊசிதான் காரணம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த ஊரில் ஒருவனும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வரமாட்டான், நோய் அத்தனை மாட்டையும் வாரிக்கொண்டு போய்விடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், பயம். வேலை போய்விடுமோ என்ற பயம். "ஐயோ பாவம்," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

மறுவருஷமும் மருந்து பிந்தித்தான் வந்தது. இந்த முறை அதே ஊரில், ஐஸ் போனால் போகட்டும் என்று ஒவ்வொருவரையும் தொழுவத்துக்குப் பின்னால் கூப்பிட்டுக் கேட்டேன். பதினோரு பசு சினை. சுடலைமாடத்தியின் முறை வந்தபோது அவள் பின்னால் வரவில்லை. கூட்டத்தின் நடுவிலேயே பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாலு மாசச் சினை அண்ணாச்சி! எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க. என் வாய் பட்டுக் கரு கலையும்னா, என் மாட்டுக்கும் கலையட்டும்."

செல்லக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இதுக்கு ஊசி வேண்டாம், ஓட்டிட்டுப் போ தாயி," என்று சுடலைமாடத்தியிடம் சொன்னேன். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தை மாதம் அந்தப் பசு நல்லபடியாக ஈன்றது. செல்லக்கனியின் மயிலையோ அதற்குப் பிறகு சினை பிடிக்கவே இல்லை. ஒருநாள் அந்த வழியாகப் போனபோது என்னை நிறுத்தினாள்.

"பாத்தியளா அண்ணாச்சி? அவ வாய் அவ மாட்ட ஒண்ணும் செய்யல. என் மாட்டத்தான் தின்னுட்டு."

வெயிலில் வந்தவன் என்று ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.