அக்காவின் டோக்கன்

ஒரு ஜோடிக்கு இரண்டு தாள். இடது ஷூவுக்குள் ஒன்று, வலது ஷூவுக்குள் ஒன்று, கசக்கித் திணித்துத் தலைமாற்றிப் படுக்கவைத்து அட்டைப்பெட்டியை மூட வேண்டும். அக்கா அன்று காலையிலிருந்து நிமிராமல் மூடிக்கொண்டிருந்தாள். ஒரு பெட்டியைத் தூக்கி அடுக்கும்போது சட்டையின் முழுக்கை மேலேறியது. முன்கையில் சிவப்புப் புள்ளிகள், யாரோ ஊசிமுனையால் பொறுமையாகக் குத்திக்குத்தி வைத்ததுபோல. விரலால் அழுத்திப் பார்த்தாள். மறையவில்லை. கையை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த ஜோடியை எடுத்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான் ஆரம்பித்தது. அப்போது அவள் பசை மேஜையில் இருந்தாள். ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி, மாதக்கணக்கில் மருந்து ஏற்றி, கடைசியில் தங்கையின் உடம்பிலிருந்து மூல அணுக்களை எடுத்து இவளுக்குள் செலுத்தினார்கள். ஐந்து வாரம் கண்ணாடி வைத்த தனியறை. வெளியே வந்தபோது அவளுடைய ரத்த வகையே மாறியிருந்தது. பழைய ரத்த வகை அட்டையைக் காட்டினால், "இது யாருதும்மா?" என்று கேட்டார்கள்.

அதன்பிறகு தொழிற்சாலையில் தங்கைக்குச் 'சார்ஜர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அக்கா கொஞ்சம் சோர்ந்து உட்கார்ந்தால் போதும், "சார்ஜரைக் கூப்பிடுங்கப்பா, அக்காவுக்கு ஒரு கோடுதான் இருக்கு" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அக்காவும் சிரிப்பாள்.

திரும்பி வந்தவளுக்கு இலகுவான வேலை என்று பெட்டி கட்டும் மேஜையைக் கொடுத்திருந்தார்கள். பசை மேஜைகள் அதே கூடத்தில் முப்பது தப்படி தள்ளி இருந்தன. நடுவில் சுவர் கிடையாது. ஜன்னல்களைத் தூசி வரக்கூடாதென்று பெயின்ட் அடித்து அடைத்திருந்தார்கள். தகர டப்பாவில் மஞ்சளாகப் பசை. பிரஷ்ஷால் தொட்டு அடித்தோலில் தடவி, சூடான விளக்குக்கு அடியில் நீட்டி, ஒட்டி அழுத்த வேண்டும். எல்லோரும் தலைக்குத் தொப்பியும் வாய்க்குத் துணியும் கட்டியிருப்பார்கள். பேச்சே இருக்காது. மதியத்துக்கு மேல் மட்டும் யாராவது ஒருத்தி காரணமில்லாமல் சிரிக்கத் தொடங்குவாள். பக்கத்து மேஜை சிரிக்கும். அப்படியே வரிசை முழுக்கப் பரவும். துணிக்குமேல் கண்கள் மட்டும் சிரிக்காமல் ஈரமாக இருக்கும். முன்பு அக்காவும் அதில் ஒருத்தி. அது பசையின் வேலை என்று, கண்ணாடி அறையிலிருந்து திரும்பி வந்து தூரத்திலிருந்து பார்த்த பிறகுதான் அவளுக்குப் பட்டது.

அரைநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தங்கையிடம் சொல்லவில்லை. டாக்டரம்மா வந்த காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"போன தடவை எடுத்தப்போ உங்க ரத்தம் முழுக்க உங்க தங்கச்சி அணுக்களாத்தான் இருந்தது. இந்தத் தடவை பத்துல மூணு உங்களோடது."

"என்னோடதுன்னா நல்லதுதானேம்மா?"

"இல்லைம்மா. உங்களோடதுலதான் நோய் இருந்தது. அது திரும்பி வருது."

அக்கா தன் கைகளைப் பார்த்தாள். மடியில் அவை சும்மா கிடந்தன.

உடனே மருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றாள் டாக்டரம்மா. அதற்கு நோய் கட்டுப்பட்டால், தங்கையிடமிருந்து மறுபடி அணுக்கள் எடுத்துக் கொடுத்துப் பார்க்கலாம். "கம்பெனி இன்சூரன்ஸ் அட்டை இருக்குல்ல?"

"இருக்கு. இந்த மாசக் கடைசி வரைக்கும் இருக்கு. அதுக்குமேல கம்பெனி டெஸ்ட்ல தேறினாத்தான்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தங்கையின் அணுக்களைச் செலுத்துவதற்குமுன் ஏழு நாள் இரவும் பகலும் மருந்து ஊற்றி அந்த ரத்தத்தைக் கொன்றுவிட்டோம் என்றார்கள். ஒன்றரை வருஷமாக அது எந்த எலும்பின் மூலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது? தங்கையின் ரத்தம் தூங்குகிற நேரம் பார்த்து வெளியே வந்ததா? நாடியைத் தொட்டுப் பார்த்தாள். அடித்துக்கொண்டிருந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து, மாலையில் தங்கை வந்ததும் சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டினாள். தங்கை அந்தக் கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"எப்ப தெரியும்?"

"போன வாரம்."

"ஒரு வாரம் என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்க. வாயே திறக்கலையே."

"சொன்னா நீ சாப்பிட்டிருக்க மாட்ட." அக்கா சட்டைக்கையை இறக்கினாள். "வியாழக்கிழமை ரத்த டெஸ்ட் வேன் வருது. என் கையைக் குத்தினா அன்னிக்கே தெரிஞ்சிடும். ஃபிட்னஸ் இல்லேன்னா வேலை இல்ல. வேலை இல்லேன்னா அட்டை இல்ல. அட்டை இல்லேன்னா..."

"நிறுத்து. உன் டோக்கனை எங்கிட்ட குடு."

கேட்கத்தான் அக்கா வாயெடுத்தாள். தங்கையே முந்திக்கொண்டாள்.

"தப்பில்லையா?"

"என்ன தப்பு? உனக்குள்ள ஓடுறது என் ரத்தம்தானே. வெளிய இருந்து எடுத்தா என்ன, உள்ள இருந்து எடுத்தா என்ன?" தங்கை சிரித்தாள். "காலையில இடது கை எனக்கு. மத்தியானம் வலது கை உனக்கு. கண்ணுவரைக்கும் துணி கட்டியிருக்கோம், எவன் பாக்கப்போறான்?"

அவளது பாவாடை நாடா இடுப்பைச் சுற்றி இரண்டு சுற்று வந்து தொங்குவதை அக்கா அப்போது பார்த்தாள். ஓவர்டைம் பார்த்துப் பார்த்து இளைத்துப்போய்விட்டாள் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை வேன் பின்வாசலில் நின்றது. பின்கதவுக்குத் திரை போட்டு உள்ளே ஒரு ஸ்டூல். பெயர் கேட்பதில்லை, டோக்கன் எண்தான். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் அக்கா வேனின் மறுபக்கம், டயருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். தகரத்துக்கு அந்தப்பக்கம் பேசுவது கேட்டது.

"நாப்பத்தொண்ணு."

அது அவளுடைய எண். பதினொரு வருஷமாக அந்த எண்ணைக் கேட்டால் அவள் எழுந்திருப்பாள். இப்போதும் கால் ஒரு எட்டு முன்னே வைத்துவிட்டது.

"நான்தான்" என்றது உள்ளே இன்னொரு குரல்.

"காலையிலயே வந்த மாதிரி இருக்கே?"

"அது என் தங்கச்சி."

"ரெண்டு பேருக்கும் ஒரே கை." ஊசி உறையைக் கிழிக்கும் சத்தம் வந்தது. "நரம்புகூட ஒரே இடத்துலதான் ஓடுது. பஞ்சை அழுத்திப் பிடிங்க. இன்னும் அழுத்துங்க. நிக்க மாட்டேங்குதே."

வேனின் தகரத்தில் சாய்ந்திருந்த அக்காவுக்குத் தான் அங்கே இல்லை என்று தோன்றியது. உள்ளே உட்கார்ந்து ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்து போவதுதான் அவள். இங்கே நிற்பது வேறு என்னவோ.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் இரண்டு எண்களையும் சேர்த்துக் கூப்பிட்டார். கூடத்தின் மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் அவருடைய மேஜை. கெட்டவரல்ல, அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு முறை வந்து பார்த்தவர். எதிரே இரண்டு ரத்தச் சோதனைச் சீட்டுகளை அருகருகே வைத்திருந்தார்.

"உக்காருங்கம்மா. ரெண்டு பேரும்."

உட்கார்ந்தார்கள்.

"நாப்பத்தொண்ணு, தகுதியில்லை. உன் விஷயம் தெரிஞ்சதுதான், சரி." அடுத்த சீட்டை, தங்கையுடையதை, விரலால் நகர்த்தினார். "நாப்பத்திரண்டும் தகுதியில்லைன்னு வந்திருக்கு. வெள்ளணு, தட்டணு எல்லாமே பாதிகூட இல்ல. அதுகூடப் பரவாயில்ல, ரெண்டு சீட்டுலயும் ஏறக்குறைய ஒரே நம்பர். அக்கா தங்கச்சின்னா இப்படியா இருக்கும்?"

அக்கா சீட்டைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தாள். தங்கை இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டி, சட்டைக்கைகளைச் சுருட்டினாள். இடது முழங்கை மடிப்பில் ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. வலதிலும் அதே அளவு. நான்கு நாள் ஆகியும் வடியவில்லை.

"மெஷின் தப்பா இருக்கும் சார்" என்றாள் தங்கை.

"ரெண்டு தடவையுமா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். வெளியே வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் அது மெதுவாகக் கேட்டது. தங்கைக்கும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா தங்கையின் கண்ணிமையை இறக்கிப் பார்த்தாள். ஈறைப் பார்த்தாள்.

"பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா?"

"கொஞ்ச நாளா வருது. பிரஷ் சரியில்லைன்னு நினைச்சேன்."

"நீங்களும் அங்கதான் வேலையா?"

"ஆமாம்மா. அக்கா படுத்ததுலேர்ந்து அவ மேஜையில நான்தான் இருக்கேன்."

டாக்டரம்மாவின் பேனா காகிதத்தின்மேல் நின்றது. பிறகு எழுதினாள். நிறைய எழுதினாள்.

"இடுப்பெலும்புலேர்ந்து எடுத்துப் பாக்கணும். என்னன்னு அப்பதான் சொல்ல முடியும். ஆனா இப்போதைக்கு..." அக்கா பக்கம் திரும்பினாள். "இவங்ககிட்டேர்ந்து உங்களுக்கு எடுக்க முடியாதும்மா."

"எனக்கு வேணாம். இவளைப் பாருங்க."

"ரெண்டு பேரையும்தான் பாக்கணும். அட்டை யார் பேர்ல இருக்கு?"

அக்கா பையைத் திறந்து, அட்டையை வெளியே எடுக்காமலே மூடினாள்.

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அக்கா தங்கையின் கன்றிய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நான்தான் உன்னை அங்க கூட்டிட்டுப் போனேன். பக்கத்துலயே இருக்கட்டும்னு."

"ஆமா, இல்லேன்னா நான் கலெக்டர் ஆகியிருப்பேன்." தங்கை அக்காவின் தோளில் தலையைச் சாய்த்தாள். "சார்ஜருக்கே சார்ஜ் இல்ல. இதைக் கேட்டா சிரிப்பாங்க."

அக்கா சிரிக்கவில்லை. தங்கையின் தலையை அப்படியே தாங்கிக்கொண்டு, ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரே சீராக இருவருக்கும் மூச்சு போய்வந்தது.

வெள்ளிக்கிழமை தொப்பியையும் டோக்கனையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். தொழிற்சாலை வாசலில் முப்பது நாற்பது பேர் வேலை கேட்டுச் சுவரோரம் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பாதிக்குமேல் பெண்கள். இந்த முறை சேரும்போதே ரத்தம் பார்ப்பார்களாம், அதனால் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து இவர்களுக்கு வழிவிட்டாள். நல்ல நிறமும் நல்ல தெம்புமாக இருந்தாள்.

"அக்கா, உள்ள வேலை கஷ்டமா?"

அக்கா நின்றாள். "பசை நாத்தம் இருக்கும். ஜன்னல் கிடையாது. வேற எங்கயாவது கிடைச்சா..."

"நாத்தம்தானே. அது பழகிடும்க்கா" என்றாள் அவள், ஆறுதல் சொல்வதுபோல.

காவலாளி சின்னக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

"ரெண்டு பேர் மட்டும் வாங்க."

சுவரோரம் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். யாரும் சொல்லாமலே, எல்லோருடைய சட்டைக்கைகளும் முழங்கைக்குமேல் ஏற்கெனவே சுருட்டப்பட்டிருந்தன.